தார்சா வரை ஒரு கேபிள்

அந்தக் கேபிளின் நீளம் 11 மீட்டர். பட்டாசலில் ஃபைபர் பெட்டி இருக்கும் மூலையில் தொடங்கி, நிலைக்கு மேலே ஏறி, உத்திரத்தை ஒட்டிக்கொண்டே இரண்டாங்கட்டுக்குப் போய், பீரோ மேல் தூசியோடு உட்கார்ந்திருக்கும், கேமராப் படங்களைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியின் முதுகில் முடிகிறது. அளந்து வெட்டி, கிளிப் அடித்து, இரண்டு முனையிலும் கனெக்டர் மாட்டி முடிக்க ஒரு காலைப்பொழுதும் இரண்டு காபியும் போதுமாக இருந்தன. மாட்டியது சரிதானா என்பதைத்தான் ஒன்றரை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். நான் சென்னையில். 2021-இல் எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் மோட்டார் திருடு போனதும் கேமரா போட்டோம். சென்னையில் எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கேமரா இல்லாத வீடு கதவில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஊரில் ஒரு பையனைப் பிடித்தோம். கேட்டுக்கு ஒன்று, தார்சா என்கிற முன்தாழ்வாரத்துக்கு ஒன்று, முடுக்குக்கு ஒன்று, புறவாசலுக்கு ஒன்று என நாலு கேமரா. கேமராவுக்கான 3+1 கேபிள் இழுத்து, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைச் சுவரில் திருகி, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் போட்ட டிவிஆரை பீரோ மேல் வைத்து, ஒரே நாளில் முடித்துவிட்டான். கெட்டிக்காரன். அம்மாவை ‘ஆச்சி, ஆச்சி’ என்று கூப்பிட்டு இரண்டு தடவை மோர் வாங்கிக் குடித்தான் என்று அம்மா சொன்னாள்.

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. டிவியில் ரிமோட்டை இரண்டு தட்டுத் தட்டினால் நாலு கட்டமாகப் படம் வரும். கேட்டில் நிற்பது கீரைக்காரியா கொரியர் ஆளா என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்வாள். காலையில் பால் பாக்கெட்டைக் கிழிப்பது யார் என்று பக்கத்து வீட்டுப் பேரனை விட்டுப் பின்னால் ஓட்டிப் பார்த்து, காக்கை என்று கண்டுபிடித்து, பிறகு பாக்கெட்டுக்கு ஒரு தூக்குவாளி வைத்தாள். நாலு கேமராவும் சேர்ந்து ஒரு நாளைக்கு எண்பது ஜிபிக்கு மேல் எழுதுகின்றன. பதினோரு நாள் ஆனதும் டிஸ்க் நிறைந்து பழையது தானாக அழியும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். வீட்டில் நடப்பது வீட்டோடு இருந்து, வீட்டோடு அழிந்தும் போகிறது.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்தரை வரை அம்மா ஃபோனை எடுக்கவில்லை. பதினாறு தடவை அடித்தேன். பக்கத்து வீட்டு அத்தையை எழுப்பி, அவர்கள் கேட்டைத் தட்டி, அம்மா தூக்கக் கலக்கத்தோடு வந்து, “ஃபோனு அடுக்களையில சார்ஜ்ல கிடக்கு, இதுக்குப் போயி ஊரைக் கூட்டுதியே” என்றாள். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் நினைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நாலு கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பையில் கேட்-6 கேபிள் ஒரு சுருள், கிரிம்பிங் கருவி, ஒரு டப்பா கனெக்டர் எல்லாம் இருந்தன. நான் கணக்கெழுதுகிறவன். நெட்வொர்க் எனக்குத் தொழில் இல்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

108-ஆம் எண்

எட்டுக் கம்பியையும் வரிசைப்படுத்துவதுதான் இதில் பொறுமை கேட்கிற வேலை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, நுனியை ஒரே மட்டத்தில் வெட்டி, கனெக்டருக்குள் தள்ளும்போது ஒன்று நழுவி இன்னொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் முனை சரியாக வந்தது. இரண்டாவது முனையை அழுத்திவிட்டு மாட்டினேன், டிவிஆரில் விளக்கு எரியவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இதுல பச்சை எங்க இருக்கு, அதுல எங்க இருக்கு பாரு” என்றாள். பச்சையும் நீலமும் இடம் மாறிக் கிடந்தன. ஐம்பது வருஷம் பூக் கட்டிய கண். வெட்டிப்போட்டு மறுபடி கட்டினேன். பச்சை விளக்கு மினுங்கியது.

விளக்கு மினுங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஃபோனில் தேடினால் டிவிஆர் அகப்படவில்லை. டிவிஆரில் மவுஸைச் செருகி, டிவியில் மெனுவைத் திறந்து, நெட்வொர்க் பக்கத்துக்குப் போனபோதுதான் புரிந்தது. கேமரா போட்ட காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது டெலிஃபோன் வயரில் வந்த பழைய பிராட்பேண்ட். அதன் ரூட்டர் டிவிஆருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குத் தகுந்தபடி டிவிஆரின் முகவரி 192.168.1.108, வெளியே போகிற வாசலான கேட்வே 192.168.1.1 என்று அந்தப் பையன் நிலையாக எழுதி வைத்திருந்தான். அந்தப் பொங்கலுக்கு இரண்டு வருஷம் முன்பே பழைய இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். பெட்டி பட்டாசலுக்கு வந்தது, டிவிஆர் அநாதையானது. புதிய பெட்டியோ 192.168.0.1. ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் டிவிஆரைப் பொறுத்தவரை அது வேறு ஊர். கேபிள் சரி, விளக்கு சரி, ஆனாலும் அது இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

முகவரியை ரூட்டரே கொடுக்கட்டும் என்கிற டிஹெச்சிபி கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். பத்து வினாடியில் 192.168.0.7 என்று புது முகவரி வந்தது. நாளைக்கே அது மாறிவிடக் கூடாதே என்று, ரூட்டரில் அந்த எண்ணை இந்த டிவிஆருக்கே ஒதுக்கி வைத்தேன். வீட்டுக்குள் இருந்தபடி என் ஃபோனில் நாலு கட்டமும் தெரிந்தன. தார்சாவில் நின்று ஃபோனில் தார்சாவைப் பார்த்தேன், ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற என் பின்மண்டை தெரிந்தது. சொட்டை விழ ஆரம்பித்திருப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கடவுச்சொல்லுக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. டிவிஆரைத் திருப்பினால் அடியில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது.

வளவு

வீட்டுக்குள் தெரிவது யாருக்கு வேண்டும்? சென்னையில் தெரிய வேண்டும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். டிவிஆர் கம்பெனியின் சர்வர் எங்கோ நடுவில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பார்த்துக்கொள்ளும். எனக்கு அதில் விருப்பமில்லை. என் வீட்டுப் படம் நேராக என் ஃபோனுக்கு வர வேண்டும், நடுவில் யாரும் வேண்டாம் என்று ஒரு பிடிவாதம். போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து 37777 என்ற எண்ணைக் கேட்டு யாராவது வந்தால், டிவிஆர் இருக்கும் 192.168.0.7-க்கு அனுப்பிவை என்று ரூட்டரிடம் சொல்லி வைப்பது. சொல்லி வைத்தேன். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றேன். ஒன்றுமில்லை. இரண்டு நாள் இதிலேயே போயிற்று. கரும்பு தின்கிற நேரத்தில் கூட ரூட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்தான் ரூட்டரின் நிலைப் பக்கத்தில், வெளி முகவரி என்ற இடத்தில் இருந்த எண்ணைச் சரியாகப் பார்த்தேன். அது 100.72 என்று தொடங்கியது. கூகுளில் என் ஐபி என்ன என்று கேட்டால் முற்றிலும் வேறு எண் வருகிறது.

நெல்லைப் பக்கம் வளவு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தெருவில் பார்த்தால் ஒரு வாசல். உள்ளே போனால் ஒரு முடுக்கு, இரண்டு பக்கமும் ஏழெட்டு வீடு, கடைசியில் பொதுக் கிணறு. கதவிலக்கம் தெருவாசலுக்குத்தான். நான் பிறந்ததே அப்படி ஒரு வளவில்தான். தபால்காரர் முகப்பில் நின்று பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார், அந்தந்த வீட்டிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போகும். வீட்டு ரூட்டர் செய்வது இந்த வேலைதான். உள்ளே பத்து ஃபோன், டிவி, டிவிஆர் எதுவும் இருக்கலாம், வெளியே ஒரே எண். உள்ளே இருந்து ஒருவர் கடிதம் போட்டால் ரூட்டர் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வரும்போது சரியான ஆளிடம் கொடுத்துவிடும். யாரும் கேட்காமல் வருகிற கடிதத்தை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது ‘37777 என்று எழுதி வந்தால் கடைசி வீட்டு ஆச்சிக்கு’ என்று முகப்பில் சொல்லி வைப்பது.

எங்கள் ஃபைபர் இணைப்பில் நடந்தது என்னவென்றால், எங்கள் வளவே இன்னொரு பெரிய வளவுக்குள் இருந்தது. 100.64-இலிருந்து 100.127 வரையிலான முகவரிகளை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பங்கிடும் ஏப்நிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே கையிருப்பின் கடைசித் துண்டைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கில் ஆட்களைச் சேர்த்த இணையக் கம்பெனிகள், ஒரு முகவரிக்குப் பின்னால் பல நூறு வீடுகளைக் குடிவைத்தன. எங்கள் வளவின் முகப்பில் நான் சொல்லி வைத்தது சரிதான். பெரிய வளவின் முகப்பில் சொல்லி வைக்க எனக்கு அதிகாரமில்லை. தபால்காரர் அங்கிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். முகவரிப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 இருக்கிறதே என்று இதைப் படிக்கிற நெட்வொர்க் ஆட்கள் கேட்பீர்கள். ஃபைபர் பெட்டிக்கு அந்தப் பாஷை தெரியும். எங்கள் டிவிஆருக்குத் தெரியாது.

அந்த இரவு எரிச்சலில் படித்துக்கொண்டே போனபோது, கதவு திறக்காமல் போனதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. 2016-இல் மிராய் என்றொரு நிரல் உலகம் முழுக்க டிவிஆர்களையும் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துப் படை திரட்டியது. பெரிய வித்தை எதுவும் இல்லை. வெளியிலிருந்து கதவு திறந்திருக்கும் கருவியைத் தேடி, அட்மின், ரூட், 12345 என்பது போல அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அப்படிப்பட்ட படை ஒன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடிக் கொடுக்கிற டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களை மொய்த்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதியது நாங்கள்தான் என்று மூன்று இளைஞர்கள் மறு வருஷம் டிசம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். பீரோ மேல் இருந்து காக்கை பால் பாக்கெட் கிழிப்பதைப் பதிவு செய்கிற பெட்டியைப் போல எத்தனையோ பெட்டிகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கின்றன. நான் எழுந்து போய் டிவிஆரைத் திருப்பி, மார்க்கர் பேனா எழுத்தை மறுபடி பார்த்தேன். அந்த அறுபது சொச்சத்தில் இது இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஆச்சி வீடு

நாலாம் நாள் பிடிவாதத்தை விட்டேன். மறுநாள் ரயில். சரி, க்யூஆர் கோடே போதும், ஊர் முழுக்க அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்று செயலியை இறக்கி ஸ்கேன் செய்தேன். ‘இந்தக் கருவி ஏற்கெனவே வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது’ என்று வந்தது. கீழே ஒரு ஃபோன் எண், நடுவெல்லாம் நட்சத்திரம், கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது என் எண் இல்லை. அம்மாவுடையதும் இல்லை. கேமரா போட்ட பையனின் எண்ணை எடுத்துக் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சந்தோஷமாக, “ஆமாண்ணே, நாலு நாளைக்கி முன்னாடியே பாத்தேன், ஆச்சி வீடு ஆன்லைன் வந்துருச்சுன்னு! ரெண்டு வருஷமா செத்துக் கெடந்துச்சு” என்றான். முனை கட்டி, ஆணியடித்து, டிக் போட்டு, பத்து வினாடி காத்திருந்தேனே, அந்தப் பதினோராவது வினாடியில் டிவிஆர் தன்னுடைய சர்வரைக் கூப்பிட்டு, சர்வர் அவன் ஃபோனில் பச்சை விளக்கைப் போட்டிருக்கிறது. உள்ளே இருந்து வெளியே போகிற கடிதத்துக்குத்தான் எந்த வளவிலும் தடையில்லையே. நான் இரண்டு நாள் முட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முதல் நிமிஷத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தான்.

மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். கோபமாகத்தான் போனேன். அவன் ஃபோனை எடுத்துச் செயலியைத் திறந்து, மறைக்காமல் என் கையிலேயே கொடுத்தான். ஒரு நீளப் பட்டியல், நாற்பதுக்கு மேல் இருக்கும். அவன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள்: மெடிக்கல் முக்கு, பல் டாக்டர், டியூஷன் டீச்சர், கல்யாண மண்டபம் பின்பக்கம். நடுவில் ‘ஆச்சி வீடு’. தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, விரல் தொட்டுவிட்டது. ஒரு சக்கரம் சுற்றி, படம் வந்தது. தார்சாவில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சத்தம் கேட்ட மாதிரி ஒருமுறை கேட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். யாருமில்லை. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு டீக்கடை பெஞ்சில், அவளுக்கு முன்பின் சொந்தமில்லாத ஒருவனின் ஃபோனில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

“நான் பாக்கவே மாட்டேன்ணே, சர்வீசுக்குத்தான்” என்றான். நம்புகிறேன். அவன் சொன்ன இன்னொன்றும் உண்மை. பழைய இணைப்பு இருந்த காலத்தில் முடுக்குக் கேமரா ஒருநாள் இருண்டுபோனது. அம்மாவுக்குத் தெரியாது. அவன்தான் பட்டியலில் பார்த்துவிட்டு, தானாக வந்து, துருப்பிடித்த பிஎன்சி முனையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். காசு வாங்கவில்லை. “ஆச்சி ஒத்தையில இருக்காங்க, ஒரு கண்ணு இருக்கட்டுமேன்னுதான்” என்றான். நான் சொல்ல நினைத்திருந்த வாக்கியம் எதுவும் அதற்குப் பிறகு சரியாக வரவில்லை. கேட்காமல் செய்தது தப்பு என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினான். என் முன்னாலேயே ‘ஆச்சி வீடு’ மேல் விரலை அழுத்திப் பிடித்து நீக்கினான். மிச்ச வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிடு என்றேன். “சொன்னா அவங்களே வச்சுக்கிடச் சொல்லுவாங்கண்ணே, பாஸ்வேர்டு மறந்துட்டு என்னத்தான் கூப்புடுவாங்க” என்றான். அதுவும் பொய்யில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அவனிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேனோ, அதையேதான் நான் என் ஃபோனில் வைத்துக்கொள்ளப் போகிறேன். அவன் கேட்கவில்லை என்று கோபப்பட்டேன். நான் மட்டும் அம்மாவைக் கேட்டேனா?

மிக்ஸிக்குப் பக்கத்தில்

அன்று ராத்திரி சொன்னேன், எல்லாவற்றையும். ஃபோனில் உளுந்து புடைத்ததைப் பார்த்தது உட்பட. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டாள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று. ஆகவில்லை போலிருக்கிறது என்றேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

“எய்யா, வளவுல இருக்கும்போது யாரு யாரைப் பாக்கல? நான் அடுப்புல என்ன வச்சிருக்கேன்னு எட்டு வீட்டுக்கும் தெரியும். அதுக்கென்ன. ஆனா அவ எட்டிப் பாக்கும்போது நானும் அவளைப் பாப்பேன்லா. நடையில கொலுசுச் சத்தம் கேக்கும், செருமுவாக, ‘என்ன மயினி பண்ணுதிய’ன்னு ஒரு குரல் வரும். நீ பாக்கணும்னா பாரு, பெத்த பிள்ளை. சத்தமில்லாம வராத.”

நான் வைஃபை, சர்வர், கணக்கு என்று யோசித்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் கேட்டது ஒரு செருமல். எந்தச் செயலியிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் காட்டுகிற விளக்கு எங்கள் நாலு கேமராவில் ஒன்றிலும் இல்லை. இருட்டினால் எரிகிற சிவப்புப் பொட்டுகள் உண்டு, அவை கேமரா நம்மைப் பார்ப்பதற்கு. நாம் அதைத் தெரிந்துகொள்வதற்கு இல்லை.

மறுநாள் ரயிலை ரத்து செய்தேன். முதல் வேலையாக டிவிஆரின் கடவுச்சொல்லை மாற்றினேன், கம்பெனி சர்வரோடு பேசும் வசதியை அணைத்தேன், கேட்வே இருந்த கட்டத்தில் உபயோகமில்லாத ஒரு எண்ணைப் போட்டேன். இனி அதற்கு வீட்டுக்கு வெளியே போக வழி தெரியாது. பழையபடி நாலு சுவருக்குள். பிறகு என் பையன் பள்ளிக்கூடத் திட்டம் ஒன்றுக்கு வாங்கிக் கைவிட்ட ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றைச் சென்னையிலிருந்து கொரியரில் வரவழைத்தேன். அதிலும் என் ஃபோனிலும் டெயில்ஸ்கேல் என்ற செயலியைப் போட்டேன். பையும் என் ஃபோனும் ஆளுக்கொரு பக்கமிருந்து வெளியே கடிதம் போட்டு, நடுவழியில் சந்தித்து, அப்புறம் தங்களுக்குள் பூட்டிய பெட்டியில் பேசிக்கொள்ளும். போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை, வளவுக்குள் வளவு இருந்தாலும் கவலையில்லை. அது எனக்குக் கொடுத்த முகவரியும் 100 என்றுதான் தொடங்கியது, பார்த்ததும் சிரித்துவிட்டேன். சந்திக்க முடியாத சமயங்களில் படம் அவர்கள் சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும், ஆனால் பூட்டியபடியே வரும். நடுவில் யாருமே வேண்டாம் என்ற என் பழைய பிடிவாதம் முழுதாக நிறைவேறவில்லை. பரவாயில்லை.

அந்தக் குட்டிக் கணினியை பீரோ மேல் டிவிஆரோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அடுக்களை மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்து ப்ளக்கில் மாட்டினேன், ரூட்டரின் வைஃபை அங்கே நன்றாக வருகிறது. அந்த ப்ளக்கின் சுவிட்ச் மேல் அம்மா குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள், கை மாறி மிக்ஸியைப் போட்டுவிடக் கூடாது என்று. அவள் சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் எனக்கு வழி திறக்கும், அணைத்தால் மூடிவிடும். திடீர் திடீரென்று அணைத்தால் பையின் மெமரி கார்டு கெட்டுப்போகும் என்பதால், அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். முழுத் தரப் படமான மெயின் ஸ்ட்ரீமில் ஒரு கேமராவைப் பார்த்தால் மணிக்கு 900 எம்பி தின்கிறது என்று மொபைலில் சின்ன ஸ்ட்ரீமையே வைத்துக்கொண்டேன். முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். அம்மாவின் நடை தெரியாதா எனக்கு?

இது பாதுகாப்பா என்று என் தம்பி கேட்கிறான். அன்றைக்குப் போல ஒரு ராத்திரி மறுபடி வந்தால், அம்மா விழுந்து கிடந்தால், சுவிட்சை யார் போடுவது என்கிறான். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதினாறு ஃபோன் கால்களை நானும் மறக்கவில்லை. அம்மாவிடம் இதைக் கேட்டேன். ராத்திரி படுக்கப் போகும்போது ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள், அத்தையிடம் ஒரு சாவி கொடுத்து வைத்தாள். அவள் சம்மதம் அவ்வளவு தூரம்தான் வந்தது. ஒன்றரை வருஷத்தில் இரண்டு தடவை, நடு ராத்திரியில், தெரியாமல் ஒரு வழி செய்து வைத்தால் என்ன என்று நினைத்திருக்கிறேன். ரூட்டரின் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது.

திருச்செந்தூர் போகும்போது, கல்யாணத்துக்குப் போகும்போது அவளாகச் சுவிட்சைப் போட்டுவிட்டு, “போட்டிருக்கேன், பாத்துக்க” என்று ஃபோனில் சொல்லிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவாள். வீட்டில் இருக்கும்போது போட்டது குறைவு. போன மாசம் ஒரு மத்தியானம், ஆபீசில் இருந்தேன், ஃபோன் வந்தது.

“எய்யா, சுவிட்சைப் போட்டுட்டேன். புறவாசல் கேமராவைப் பாரு.”

என்னவோ ஏதோ என்று படியோரம் போய் நின்று திறந்தேன். சக்கரம் சுற்றியது. நாலாவது கட்டத்தில் அம்மா துவைகல் பக்கம் நின்று, ஒரு கையில் ஃபோனும் இன்னொரு கையில் துரட்டிக் கம்புமாக மேலே காட்டிக்கொண்டிருந்தாள். மங்கலாகத்தான் இருந்தது. வாழை மரம் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. படத்தின் மூலையில் மணி 2.09 என்றது, என் கடிகாரத்தில் 2.16. வெளியே போக வழியில்லாத டிவிஆருக்குச் சரியான நேரம் கேட்டு வாங்கத் தெரியாது, ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் திருத்திவிட்டு வருவேன்.

“அம்மா, இது ஏழு நிமிஷம் மெதுவா ஓடுது” என்றேன்.

“அது கிடக்கட்டும். குலை தள்ளியிருக்கு, தெரியுதா இல்லையா?”